மலையேறும்போது மட்டும் எரியும் மஞ்சள் விளக்கு

கம்பம்
9 ஜூன் 2024

அன்பு மருமகள் ஷெரினுக்கு, தாய்மாமன் பங்கிராஸ் மாதாவின் துணையோடு எழுதிக்கொண்டது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது இத்தனையும் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். சாட்சி உன் அம்மா லூர்து மேரி. அவள் இல்லையென்று சொன்னால் அவளுக்கு மறதி. நீ கன்னியர் மடத்துக்குப் போனால் வீட்டு ஜீப் படுத்துவிடும் என்றேன். படுத்துவிட்டது.

மே மாதம் நூர் முகம்மது பாய் பட்டறையில் கியர்பாக்ஸை இறக்கி கிளட்ச் பிளேட் மாற்றினோம். அதிலிருந்து, ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம் மெட்டு ஏறினால் மஞ்சள் விளக்கு எரிகிறது, இஞ்சின் அணைந்துபோகிறது. கொண்டை ஊசி வளைவில், பின்னால் லாரி நிற்க, பதினான்கு பெண்களும் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைக்கிறார்கள். பாய் ஸ்கேனர் போட்டார். பி 0335 என்று எரர் கோடு வந்தது. இஞ்சின் சுற்றுவதை எண்ணிச் சொல்லும் கிராங்க் சென்சாராம். மாற்றினார். மறுநாள் அதே எரர். இன்னொரு சென்சார் போட்டார். அதற்கும் அதே எரர். எனக்குத் தெரிந்த வைத்தியங்களும் நிறைய உண்டு. பாய் என்னைக் கிட்டேயே விடுவதில்லை. பொறாமை.

உன் அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியாததா? நீ போன நாளிலிருந்து உன் பேரை எடுப்பதில்லை. நீ போட்ட மூன்று கடிதங்களும் பிரிக்காமலே அலமாரியில் கிடக்கின்றன. ஆனால் இரண்டாவது சென்சாரும் பலிக்காத அன்று பானட்டில் கையை ஊன்றிக்கொண்டு, "அவ இருந்தா கண்டுபிடிச்சிருப்பா" என்றார்.

"எவ மச்சான்?" என்றேன்.

"ஏலே, தெரியாதவன் மாதிரி கேக்காத."

ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்து, தேனியில் இரண்டு வருஷம் ஸ்கேனர் பிடித்தவள் நீ. அங்கே போன் கூடாது, மாதம் இரண்டு கடிதம்தான் என்கிறார்கள். பரவாயில்லை, கடிதத்திலேயே வைத்தியம் சொல்லு. உன் அப்பாவுக்கு நான் வாசித்துக் காட்டுகிறேன்.

உன் ஜெபத்தில் என் மைக் செட் ஆம்ப்ளிபயரையும் நினைத்துக்கொள்,
மாமன் பங்கிராஸ்


நவதுறவகம், திண்டுக்கல்
23 ஜூன் 2024

அன்புள்ள மாமா,

இயேசுவின் சமாதானம் உங்களோடு. நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பா வேளைக்குச் சாப்பிடுகிறாரா?

இரண்டு சென்சார் மாற்றியும் அதே எரர் வந்தால் கோளாறு சென்சாரில் இல்லை. அதற்குப் போகும் வயரில் அல்லது அதைச் செருகும் கப்ளரில் இருக்கும். நான் அங்கே இல்லை. உங்கள் கண்தான் எனக்குக் கண். அதனால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள் மாமா. எந்த நேரத்தில் அணைகிறது? மலையில் மட்டுமா, சமதளத்திலுமா? கியர்பாக்ஸ் கீழே இருந்தபோது யாராவது வயரைத் தொட்டார்களா? அதற்குப் பிறகு இஞ்சினுக்கு வாட்டர் சர்வீஸ் செய்தீர்களா?

அப்பாவுக்கு என் ஸ்தோத்திரம். சொல்ல முடிந்தால் மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஷெரின்


கம்பம்
30 ஜூன் 2024

அன்பு மருமகளே, உன் கடிதம் கிடைத்த நேரம் வீட்டில் எல்லோரும் சுகம். உன் அம்மா முழங்கால் என் தைலத்தில் முக்கால்வாசி குணம்.

உன் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்தேன். முதலில் முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ தேடுகிற மாதிரி நின்றார். 'கப்ளர்' என்ற இடம் வந்ததும் திரும்பினார். "அத மறுபடி வாசி" என்றார். வாசித்தேன். "இத்தன பேர் பாத்தாக, ஒருத்தருக்கும் தோணல. பாத்தியா?" என்றார். உன் ஸ்தோத்திரத்தையும் சொன்னேன். அன்று இரண்டு தோசை கூடச் சாப்பிட்டார். இது மிகையில்லை, எண்ணினேன்.

இனி உன் கேள்விகள். விடியற்காலையில் மலையேறும்போதுதான் அணைகிறது. அப்போது மெட்டில் ஒரே பனி. மத்தியானம் பாய் ஓட்டிப் பார்த்தால் பந்தயக் குதிரை மாதிரி ஓடுகிறது. வயரை யாரும் தொடவில்லை. எறும்புகூடத் தொடவில்லை. வாட்டர் சர்வீஸ் கேட்டாயே, அங்கேதான் இருக்கிறது சங்கதி. நம் டிரைவர் செல்லப்பாண்டி கிளட்ச் வேலை முடிந்த மறுநாளே பானட்டைத் திறந்து வைத்து, இஞ்சினுக்குள் நேராகத் தண்ணீரைப் பீய்ச்சினான். என் இரண்டு கண்ணால் பார்த்தேன். வெயிலில் சின்ன வானவில்கூடத் தெரிந்தது.

அப்பா கடிதத்துக்குக் காத்திருக்கிறார். அவர் காத்திருப்பதாக நான் சொன்னேன் என்று எழுதிவிடாதே.

மாமன்


திண்டுக்கல்
14 ஜூலை 2024

அன்புள்ள மாமா,

எல்லோரும் நலம் என்று அறிந்து ஆண்டவருக்கு நன்றி. அந்த இரண்டு தோசையை நானும் பல தடவை எண்ணிப் பார்த்தேன்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் காரணம் தெளிவாக இருக்கிறது. பீய்ச்சிய தண்ணீர் கப்ளருக்குள் போய், அதன் உலோகப் பின்னில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். காலைப் பனியில் ஈரம் ஏறினால் சிக்னல் விட்டுப்போகும். வெயில் வந்தால் சரியாகிவிடும். பாயிடம் சொல்லி கப்ளரையே புதிதாக மாற்றச் சொல்லுங்கள்.

திறந்த இஞ்சினுக்குள் தண்ணீர் பீய்ச்சுகிறவருக்கு வண்டியின் அருமை தெரியாது. அப்படிப்பட்டவர் கையில் வண்டியைக் கொடுக்கக் கூடாது என்று சர்வீஸ் சென்டரில் எங்களுக்குச் சொல்வார்கள்.

அப்பாவின் பிறந்தநாள் வருகிறது. அன்று அவருக்காகத் திருப்பலி கேட்டிருக்கிறேன்.

ஷெரின்


கம்பம்
4 ஆகஸ்ட் 2024

அன்பு மருமகளுக்கு மாமன் மகிழ்ச்சியோடு எழுதுவது. மழை நன்றாகப் பெய்கிறது, முல்லையாற்றில் தண்ணீர் புரண்டு ஓடுகிறது, எனக்குச் சளி.

கப்ளர் மாற்றியாகிவிட்டது. ஐந்து நாள் மஞ்சள் விளக்கு எட்டிப் பார்க்கவில்லை. (மண் சரிந்து அந்த ஐந்து நாளும் வண்டி மலைக்கே போகவில்லை என்பது வேறு விஷயம்.) ஆறாம் நாள் மறுபடி எரிந்தது. உள்ளே ஊறிய ஈரம் காய வேண்டாமா?

உன் கடிதத்தை இந்தத் தடவை நான் வாசிக்கவில்லை. அப்பாவே என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். ஜீப் ஸ்டாண்டில் எல்லா டிரைவர்களும் நிற்க, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி, "எம் மக எழுதிருக்கா, கேளுங்க" என்று வாசித்தார். பூசையில் வாசகம் வாசிப்பவர்கூட அப்படி வாசித்ததில்லை. அதை நீ பார்த்திருக்க வேண்டும் ஆத்தா. 'வண்டியின் அருமை தெரியாது' என்ற வரியை இரண்டு தடவை வாசித்தார்.

ஒரு சின்ன விஷயம். செல்லப்பாண்டியை நிறுத்திவிட்டார். ஒன்பது வருஷம் ஓட்டியவன்தான். என்ன செய்ய?

"மொதலாளி, நான் இஞ்சின கழுவவே இல்ல" என்றான்.

"அப்ப எம் மக பொய்யா எழுதுறா?" என்றார் அப்பா.

அவன் என்னைப் பார்த்தான். நான் ஸ்டாண்டு வேப்பமரத்தில் ஸ்பீக்கர் கட்டத் தோதான கிளை எது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சாவியை பானட்டின்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். அவன் பெண்டாட்டி மூக்கம்மாள் மறுநாளிலிருந்து நம் ஜீப்பில் தோட்டத்துக்கு ஏறுவதில்லை.

உன் கடிதம் இப்போது அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது. துவைக்கப் போடும்போது உன் அம்மாவிடம்கூடக் கொடுப்பதில்லை.

பதில் உடனே போடு.
மாமன்


கம்பம்
10 செப்டம்பர் 2024

அன்பு மருமகளே, ஒரு மாதத்துக்கு மேலாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? அப்பா தபால்காரர் வரும் நேரம் பார்த்துப் பல் தேய்க்கிறார், காலை பதினொரு மணிக்கு.

எட்டாம் தேதி மாதா பிறந்தநாள் சப்பரம் ஜாம் ஜாமென்று நடந்தது. நம் ஜீப்தான் சப்பரம் இழுத்தது. இதுவரை கம்பம் பள்ளத்தாக்கு காணாத காட்சி: ஜீப்புக்கு அடியில் நீல விளக்கு. மாதா மேகத்தில் மிதந்து வருகிற மாதிரி. போடியிலிருந்து வந்த ஆள் கண்ணீர் விட்டார். அந்த விளக்கை எப்போது போட்டேன் தெரியுமா? மே மாதமே! கியர்பாக்ஸ் கீழே இருந்தபோது, பாய் தொழுகைக்குப் போன இருபது நிமிஷத்தில். பார்க் லைட்டிலிருந்து ஒரு வயர், இஞ்சினுக்குப் பின்னால் தொங்கிய கொத்தில் கறுப்பு வயரைச் சீவி அதிலிருந்து எர்த். மேலே அதே நிற டேப். பாய்கூடக் கண்டுபிடிக்கவில்லை என்றால் கைத்திறனைப் பார்த்துக்கொள்.

ஒரே ஒரு குறை. சப்பரம் தேர்முட்டி திரும்பும்போது ஜீப் அணைந்துவிட்டது. புது டிரைவர் அஜய்குமார் சாவியைத் திருகித் திருகிப் பார்த்தான். கடைசியில் ஜனம் கயிறு போட்டு இழுத்தது. அதுவும் ஒரு பக்திதான்.

மாமன்


திண்டுக்கல்
22 செப்டம்பர் 2024

மாமா,

நலம். செல்லப்பாண்டி அண்ணனை நிறுத்திவிட்டதாக நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு எனக்கு எழுத வரவில்லை. அதனால்தான் தாமதம்.

தேர்முட்டி சமதளம். சப்பரம் மாலையில் போனது, பனி கிடையாது. இரண்டு இடத்துக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான். உங்கள் நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விடியற்காலையில் பனிக்காகப் பார்க் லைட் போட்டு மலையேறுகிறார்கள், அதுவும் சேர்ந்து எரிகிறது. மத்தியானம் பாய் விளக்கில்லாமல் ஓட்டினார். நீங்கள் சீவிய கறுப்பு வயர் சென்சாரின் எர்த். விளக்கின் கரண்ட் அதன் வழியாகப் போனால் சென்சார் உளறும். எத்தனை சென்சார் மாற்றினாலும் உளறும்.

பாயிடம் சொல்லி அந்த இணைப்பை எடுத்துவிட்டு வயரைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

ஒரு கேள்வி. செல்லப்பாண்டி அண்ணன் தண்ணீர் பீய்ச்சியதை நீங்கள் பார்த்தீர்களா?

ஷெரின்


கம்பம்
13 அக்டோபர் 2024

அன்பு மருமகளுக்கு ஆசீர்வாதம். இங்கே திராட்சை விலை பரவாயில்லை, கொசு அதிகம், மற்றபடி சுகம்.

வெற்றி! வயரை எடுத்தாகிவிட்டது. பாயைத் தொந்தரவு செய்யவில்லை, நானே கீழே படுத்து எடுத்தேன். இரண்டு வாரமாக மஞ்சள் விளக்கு இல்லை, எரர் இல்லை. பெண்கள் மலையில் பாட்டுப் பாடிக்கொண்டு போகிறார்கள். அப்பா, "எம் மக சொன்ன கப்ளர் இப்பத்தான் செட் ஆயிருக்கு" என்று ஸ்டாண்டில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதை ஏன் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

பெரிய செய்தியைக் கடைசிக்கு வைத்திருந்தேன். டிசம்பர் 29 உங்கள் மடத்துப் பார்வையாளர் நாளுக்கு உன்னைப் பார்க்க வருவதாக அப்பா சொல்லிவிட்டார். தானாகச் சொன்னார்! உனக்கு என்ன பிடிக்கும் என்று உன் அம்மாவிடம் கேட்டார், இருபத்துநாலு வருஷம் வளர்த்தவர்.

சந்தோஷத்தோடு,
மாமன்


திண்டுக்கல்
27 அக்டோபர் 2024

மாமா,

நான் கேட்டதற்குப் பதில் இல்லை. அப்பா வருவது என் கடிதம் சரியாக இருந்ததற்காக என்றால், அவர் வராமலிருப்பதே மேல் என்று தோன்றுகிறது. இதை எழுத எனக்கு எளிதாக இல்லை.

நீங்கள் பார்த்தீர்களா?

ஷெரின்


கம்பம்
1 டிசம்பர் 2024

அன்பு மருமகளே,

உடம்புக்குச் சுகமா? எனக்கு ஒரு மாதமாகச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. அதனால்தான் தாமதம். அதனால்தான் என்று சொல்ல முடியாது. நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன்.

பார்க்கவில்லை. செல்லப்பாண்டி இஞ்சினைக் கழுவவில்லை. வானவில்லும் கிடையாது.

இன்னும் ஒன்று இருக்கிறது. ஜூன் மாதத்திலேயே அவன் என்னிடம் வந்தான். "அண்ணே, லைட்ட அணைச்சா வண்டி ஓடுது, போட்டா நிக்குது. நீங்க அடியில மாட்டுன லைட்டு எதையோ இழுக்குது போல. மொதலாளிகிட்ட நீங்களே சொல்லிருங்க, நான் சொன்னா நல்லாருக்காது" என்றான். என் மரியாதையைக் காப்பாற்ற வந்தவன் அவன். ஆறாம் வகுப்பைத் தாண்டாத எனக்கு ஊரில் இருக்கிற ஒரே மரியாதை, பங்கிராஸ் கரண்ட் வேலையில் புலி என்பதுதான். நீ வாட்டர் சர்வீஸ் பற்றிக் கேட்டாய். அது வசதியாக வந்து வாயில் விழுந்தது. நீ சொன்னது பலிக்க வேண்டும், அப்பா உன் பேரைச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதினேன் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். பாதி அதுதான். மீதிப் பாதி நான்.

போன வாரம் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடிப்பார் என்று நினைத்தேன். சட்டைப் பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "எம் வாயாலதானடா வாசிச்சேன்" என்றார். அவ்வளவுதான். மறுநாள் அதே ஸ்டாண்டில், "செல்லப்பாண்டி மேல தப்பு இல்ல. வாசிச்சது என் தப்பு, சொன்னது இவன் தப்பு. எம் மக இவன நம்பிட்டா" என்றார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

இங்கே யாரும் வண்டி கொடுக்காததால் செல்லப்பாண்டி குடும்பத்தோடு வண்டன்மேட்டுக்குப் போய், ஏலச்செடிக்கு மருந்தடிக்கிற வேலை பார்க்கிறான். நான் பஸ் பிடித்துப் போய் அவனைப் பார்த்தேன். தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் உட்காரவைத்துப் பாலில்லாத கட்டஞ்சாயா கொடுத்தான். நான் அழுதேன். அவன் சிரித்தான். "விடுங்கண்ணே. ஷெரின் பாப்பா மேல எனக்கு என்ன கோவம்? அது என்னத்தக் கண்டுச்சு?" என்றான். தை பிறந்ததும் வந்து சாவி வாங்கிக்கொள்வதாகச் சொன்னான்.

மன்னிப்பாயா என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

பங்கிராஸ்


திண்டுக்கல்
15 டிசம்பர் 2024

அன்புள்ள மாமா,

இயேசுவின் சமாதானம். உங்கள் கடிதத்தைப் பொறுப்பாளர் சிஸ்டர் படித்துவிட்டு என் கையில் கொடுத்தார். நான் கோயிலில் உட்கார்ந்து படித்தேன்.

தவறு உங்களுடையது மட்டுமில்லை. பார்க்காத ஒரு மனிதரைப் பற்றி, தெரிந்தவள் மாதிரி ஒரு வரி எழுதினேன். அப்பா கேட்பார் என்று தெரிந்தேதான் எழுதினேன். கெட்டிக்காரியாகத் தெரிய ஆசைப்பட்டேன். செல்லப்பாண்டி அண்ணன்தான் என்னைத் தேனிக்கு வேலைக்குப் போகும் நாட்களில் பஸ் ஏற்றிவிட்டவர்.

ஆனால் மாமா, அவர் சிரித்தார் என்ற இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். 'பாப்பா மேல எனக்கு என்ன கோவம்' என்பதை ஒரு தாளில் எழுதி ஜெபப் புத்தகத்தில் வைத்திருக்கிறேன். நான்கு மாதத்துக்குப் பிறகு இந்த வாரம்தான் நிம்மதியாக ஜெபிக்க முடிந்தது.

அவருக்கு ஒரு கடிதம் இதனுள் வைத்திருக்கிறேன். மன்னித்ததற்கு நன்றி சொல்லியிருக்கிறேன். நீங்களே கையில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

அப்பா 29ஆம் தேதி வருவாரா? கேட்டுவிட்டேன்.

ஷெரின்


கம்பம்
20 டிசம்பர் 2024

ஷெரினுக்கு,

சுகம் விசாரித்து எழுத இன்று தெம்பில்லை. அப்பா வருகிறார். பஸ் டிக்கெட்டை நானே பார்த்தேன், உன் அம்மாவும் பார்த்தாள். வேண்டுமானால் அவளைக் கேட்டுக்கொள். பொரித்த பணியாரமும் வருகிறது.

நீ அனுப்பிய கடிதத்தைச் செல்லப்பாண்டிக்குக் கொடுக்க முடியாது. பஸ் ஸ்டாண்டு வரை எடுத்துப் போனேன். வண்டன்மேடு பஸ்ஸில் ஏறியும் உட்கார்ந்தேன். மன்னித்ததற்கு நன்றி என்று நீ எழுதியிருக்கிறாயே, அதை அவன் படித்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். இறங்கிவிட்டேன். உன் கடிதம் இதோடு திரும்பி வருகிறது. வேறு எழுது. கேட்க வேண்டியதைக் கேட்டு எழுது.

நான் வண்டன்மேட்டுக்குப் போனது நிஜம். லயத்து வாசலில் நின்றது நிஜம், அழுததும் நிஜம். அவன் உள்ளே மருந்தடிக்கிற டப்பாவின் அறுந்த தோள்வாரைத் தைத்துக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன், ஸ்டாண்டில் அப்பா சொன்னதையும் சொன்னேன். நீ விவரம் தெரியாமல் எழுதிவிட்டாய் என்றும் சொன்னேன். அவன் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மூக்கம்மாள்தான், "கடைசி பஸ்ஸு போயிரும்ணே. கெளம்புங்க" என்றாள். கட்டஞ்சாயா நான் சந்திக் கடையில் வாங்கிக் குடித்தது.

அவன் சிரிக்கவில்லை ஆத்தா. உன்மேல் கோபமில்லை என்றோ, தையில் சாவி வாங்க வருவேன் என்றோ அவன் சொல்லவும் இல்லை. அதையெல்லாம் நானாகச் சேர்த்தேன்.

பங்கிராஸ்